கொலுசுக் கணக்கும் கோடு ரிவ்யூவும்: புல் ரிக்வெஸ்டில் தானாக ரூல் பார்க்கும் ஏற்பாடு செய்த கதை

எங்கள் குழுவில் ஒரு புல் ரிக்வெஸ்டை, அதாவது 'என் கோடு மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளை, ரிவ்யூ செய்யத் திறந்ததும் முதல் நேரமெல்லாம் எதில் போகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இங்கே ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வேண்டாம்", "இருப்பைத் திருத்தும்போது காரணம் போடவில்லை", "இந்த நேரம் எந்த ஊர் நேரம்?" என்று போன வாரம் எழுதிய அதே கமெண்டை இந்த வாரமும் எழுதுவதில் போகிறது. அதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் கண் களைத்துவிடும், உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம், அதாவது சேதாரம் மொத்த எடையில் கழிகிறதா நிகர எடையில் கழிகிறதா என்பது மாதிரியான கணக்கு, யாரும் சரியாகப் பார்க்காமலே மெர்ஜ் ஆகி முக்கியக் கோடில் சேர்ந்துவிடும். திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதியை மட்டும் பிரித்து மெஷினிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை இது. என்ன செய்தேன், எது நின்றது, எதைத் தூக்கிப் போட்டேன் என்று எழுதி வைக்கிறேன், சின்னக் குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் ரூல் எதுவும் புரியாது. ஆபீஸ் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் அவர்களுக்கு வெள்ளி கொடுத்து வாங்கும் வியாபாரிகளுக்கும் இருப்பு, கூலி, ரசீது பார்க்கிற சாஃப்ட்வேர் எழுதுகிறோம், பைத்தானில், ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க் வைத்து. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறையில் அதை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, பாலீஷ் போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை. நடுவில் குறைந்தது சேதாரம். எடையை டச்சோடு (வெள்ளி எவ்வளவு சுத்தம் என்ற அளவு) பெருக்கிச் சுத்த வெள்ளி எவ்வளவு என்று இரண்டு பக்கமும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு வெள்ளி பல கை மாறும், ஒவ்வொரு கைக்கும் ஒரு எடை, எடைக்கு மூன்று தசம இடம். மூன்றாவது தசமத்தில் ஒரு எண் தப்பினால் காசாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் பட்டறைக்காரர் நோட்டும் எங்கள் திரையும் ஒத்துப் போகவில்லை என்றால் அவர் எங்கள் திரையை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. அதனால்தான் ஃப்ளோட் விஷயத்தில் நாங்கள் இவ்வளவு கறாராக இருக்கிறோம்.

ஆரம்பித்தது டூலைத் தேடுவதில் இல்லை, பழைய கமெண்டுகளைப் படிப்பதில். கோடை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ வழியாக எங்கள் ரெப்போவின் (கோடுக் களஞ்சியம்) ரிவ்யூ கமெண்டுகளை மொத்தமாக இறக்கி, ஒரு ஷீட்டில் போட்டு, குழுவில் மூத்தவரான அக்காவும் நானும் உட்கார்ந்து கையாலேயே வகை பிரித்தோம். இதை ஸ்கிரிப்ட் போட்டுச் செய்யாதீர்கள், கண்ணால் படித்தால்தான் எந்தக் கமெண்டுக்குப் பின்னால் எரிச்சல் இருக்கிறது, எதற்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் போன் இருக்கிறது என்று தெரியும். மூன்று குவியல் வந்தது. உலகத்தில் எந்த பைத்தான் குழுவும் சொல்லக்கூடிய பொது விஷயங்கள் ஒன்று. எங்கள் கொலுசுக் கணக்கு தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடியது இன்னொன்று. மூன்றாவது ருசி சம்பந்தப்பட்டது: இங்கே ஒரு காலி வரி விடலாமே, இந்தப் பெயர் நீளமாக இருக்கிறதே. மூன்றாவதை, கோடின் தோற்றத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிட்டு மறந்தோம். ருசியை ரூலாக்கினால் குழுவில் சண்டைதான் வரும்.

முதல் குவியலுக்கு நாமாக ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. ரஃப் என்கிற லின்ட்டரில், அதாவது கோடை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் கருவியில், எல்லாமே தயாராக இருக்கிறது. பிரின்ட்டை மறந்து விட்டுப் போனால் டி 201 (T201) என்ற ரூல் பிடிக்கும். வெறும் எக்ஸெப்ட் போட்டு எல்லாப் பிழையையும் விழுங்கினால் இ 722. டைம்ஸோன் சொல்லாமல் இப்போதைய நேரத்தை எடுத்தால் டிடிஇஸட் 005 (DTZ005). இது எங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் எங்கள் சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது, நம்முடைய நேரம் அதைவிட 5.30 மணி முன்னால், ஆகவே நள்ளிரவுக்கு அப்புறம் காலை 5.30-க்குள் போட்ட ரசீது முந்தைய நாள் தேதியில் போய் விழும். தீபாவளிக்கு முன்னால் பட்டறைகளில் ராத்திரி முழுக்க வேலை நடக்கும், அப்போது ஒரு நாள் கணக்கு மொத்தமும் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

ரஃப்பின் எஸ் 113 ரூலையும் சொல்ல வேண்டும். நெட் வழியாக இன்னொரு சர்வரை அழைக்கும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது, நீங்கள் கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கும் இதே எடைச் சாஃப்ட்வேரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், பழம் பறித்து வருகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருக்கிற கொட்டகை, சிக்னல் வரும் போகும். டைம்அவுட் இல்லாத ஒரே ஒரு அழைப்பு போதும், எடை போடும் திரை அப்படியே உறைந்து நிற்க, பின்னால் கூடையோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இந்த ரூலை ரஃப்பில் ஒரு வரியில் திறந்துவிடலாம் என்று தெரிந்ததும் இத்தனை நாள் கையால் கமெண்ட் எழுதிய நேரத்தை நினைத்தேன். ஆகவே என் உறுதியான அபிப்பிராயம்: சொந்தமாக ரூல் எழுதும் முன் லின்ட்டரின் ரூல் பட்டியலை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். ஊருக்கெல்லாம் பொதுவானதை அதனிடம் விட்டுவிட்டு, உங்கள் தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே தெரிகிற விஷயத்தில் உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள்.

இரண்டாவது குவியலுக்கு வந்தால், வேலை அங்கேதான். முதலில் எளிமையாக, வரிகளில் எழுத்துக் கோவையைத் தேடும் க்ரெப் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கோடின் முக்கியக் கிளையான மெயின் ப்ராஞ்சிலிருந்து இந்த ப்ராஞ்ச் பிரிந்த இடம் தொட்டு என்ன மாறியது என்று, மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையிடம் மூன்று புள்ளி போட்டுக் கேட்க வேண்டும், இரண்டு புள்ளி போட்டால் இதற்கிடையில் மெயினில் மற்றவர்கள் செய்த மாற்றமும் சேர்ந்து வந்து குழப்பும். சூழல் வரி (சுற்றியுள்ள மாறாத வரி) பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் மாறிய வரி மட்டும் வரும். அதில் + என்று ஆரம்பிப்பதை எடுத்துக்கொண்டு, ஃபைல் பெயர் வருகிற +++ வரியைத் தள்ளிவிட்டு, @@ வரியில் இருக்கும் எண்ணிலிருந்து வரி எண்ணைக் கணக்குப் போட்டு, மீதியை க்ரெப்புக்குக் கொடுத்தால் ஒரு முப்பது வரி ஷெல் ஸ்கிரிப்டில் முடிந்துவிடும்.

இதில் மூன்று இடம் எல்லோருக்கும் இடறும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். க்ரெப் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால் 1 என்ற எண்ணோடு வெளியேறும், கண்டுபிடித்தால் 0. நமக்கு வேண்டியது நேர் எதிர். பிழை வந்தால் உடனே நிறுத்து என்று ஸ்கிரிப்டின் தலையில் போட்டிருந்தால், ஒரு குறையும் இல்லாத புல் ரிக்வெஸ்டுக்குச் சிவப்பு, அதாவது தோல்விக் குறி, விழும். ஸ்கிரிப்டில் 0, 1 இரண்டையும் தனித்தனியாகக் கையாண்டு, 2 வந்தால் மட்டும் உண்மையான பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் வசதி) செக்அவுட் செய்யும்போது, அதாவது கோடை இறக்கும்போது, இயல்பாக ஒரே ஒரு கமிட் (பதிந்த மாற்றம்) மட்டும்தான் இறங்கும், பிரிந்த இடத்தைத் தேட வரலாறே இருக்காது, மூன்று புள்ளி டிஃப் அங்கேயே விழுந்துவிடும். ஆழத்தை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும். மூன்றாவது நம் ஊருக்கே உரியது. எங்கள் ரசீது டெம்ப்ளேட்டுகள் சிலவற்றுக்குத் தமிழிலேயே ஃபைல் பெயர் வைத்திருக்கிறோம். கிட் அந்தப் பெயரை அப்படியே காட்டாது, மேற்கோளுக்குள் \340\256 என்று எண்ணெண்ணாக மாற்றிக் கொடுக்கும், ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் ஃபைலைத் தேடினால் கிடைக்காது, கிடைக்காததால் சோதிக்காமலே பச்சை காட்டிவிடும். கோர் க்வோட்பாத் (core.quotePath) என்கிற கிட் அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே வரும். சிவப்பு தப்பாக விழுந்தால் யாராவது கத்துவார்கள், பச்சை தப்பாக விழுந்தால் யாருக்கும் தெரியாது, அதனால் இதுதான் மூன்றிலும் ஆபத்தானது.

க்ரெப்பின் எல்லை சீக்கிரம் தெரிந்துவிட்டது. அதற்கு வரி தெரியும், கோடு தெரியாது. கமெண்டுக்குள் ஃப்ளோட் என்று எழுதியிருந்தாலும் பிடிக்கும், பயனருக்குக் காட்டும் வாசகத்துக்குள் இருந்தாலும் பிடிக்கும். இருப்பைத் திருத்துகிற எங்கள் ஃபங்ஷனுக்கு 'காரணம்' என்றொரு ஆர்க்யுமென்ட் கட்டாயம் என்று எங்களுக்குள் ஒரு விதி, ஏனென்றால் நாளைக்குப் பட்டறைக்காரர் வந்து "போன மாசம் 40 கிராம் ஏன் குறைஞ்சுதுங்க?" என்று கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பு ஐந்தாறு வரிக்கு நீண்டிருக்கும், காரணம் கடைசி வரியில் இருக்கும், க்ரெப் முதல் வரியைப் பார்த்துக் காரணமே இல்லை என்று சொல்லும்.

அங்கிருந்து செம்க்ரெப் என்ற கருவிக்குப் போனேன். இது கோடை எழுத்துக் கோவையாகப் பார்க்காமல் இலக்கண மரமாகப் பிரித்துப் பார்க்கிறது, ஆனால் ரூலை எழுதும்போது நாம் சாதாரண பைத்தான் மாதிரியே எழுதலாம், "இங்கே என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும்" என்பதற்கு மூன்று புள்ளி, "இங்கே ஏதோ ஒரு பெயர்" என்பதற்கு டாலர் குறி போட்ட பெரிய எழுத்து. இந்த யோசனைக்கு ஒரு நல்ல பரம்பரை உண்டு. லினக்ஸ் கெர்னலில் ஒரே மாதிரி மாற்றத்தை நூற்றுக்கணக்கான ஃபைல்களில் செய்ய வேண்டி வந்தபோது பிரான்ஸில் ஆராய்ச்சியாளர்கள் காக்சினெல் என்ற கருவியைச் செய்தார்கள். அதில் வேலை செய்த யோவான் பாதியோலோ பிறகு ஃபேஸ்புக்கில் எழுதிய எஸ்க்ரெப் தான் செம்க்ரெப்பின் முன்னோடி. அதே கெர்னலில் செக்பேட்ச் என்று ஒரு பெர்ல் ஸ்கிரிப்டும் உண்டு, பேட்ச் அனுப்புகிறவர்கள் முதலில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். ஆனால் கெர்னல் ஆவணத்திலேயே இந்த ஸ்கிரிப்ட் எப்போதும் சரியாக இருக்காது, எழுதியவரின் தீர்ப்புதான் மேலானது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது, எங்கள் ரூல் ஃபோல்டரின் குறிப்பு ஃபைலில் அதன் சாரத்தைத் தமிழில் முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.

காரணம் ரூல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது: இந்தப் பெயருள்ள அழைப்பு எதுவாக இருந்தாலும் பிடி, அதில் காரணம் என்ற ஆர்க்யுமென்ட் எங்காவது இருந்தால் விட்டுவிடு. எத்தனை வரியாக உடைத்து எழுதியிருந்தாலும் கவலையில்லை.

ஃப்ளோட் ரூல்தான் நிறைய நேரம் எடுத்தது. 0.1, 0.2 இரண்டையும் ஃப்ளோட்டில் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் வகையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து டெசிமல்(0.1) என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம், அங்கே உள்ளே போவதே ஃப்ளோட், வெளியே வருவது 0.1000000000000000055511151231257827 என்று நீண்டுகொண்டே போகும். மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்தால் மட்டுமே 0.1 என்பது 0.1. எங்கள் தராசு சீரியல் போர்ட்டில் அனுப்புவதே எழுத்துச் சரம்தான், '12.350' என்று. அதை ஃப்ளோட்டாக மாற்றி, அப்புறம் டெசிமலாக மாற்றுகிற கோடு எங்களிடம் பல இடத்தில் இருந்தது, வேண்டாத ஒரு படி, அந்தப் படியில்தான் கசிவு. ஆகவே முதல் ரூல்: டெசிமலுக்குள் நேரடியாகப் புள்ளி எண்ணோ ஃப்ளோட் மாற்றமோ இருந்தால் நிறுத்து. ரவுண்ட் ஃபங்ஷனுக்கு அடுத்த ரூல். பைத்தானில் ரவுண்ட்(2.5) போட்டால் 2 வரும், ரவுண்ட்(2.675, 2) போட்டால் 2.67 வரும். முதலாவது சரிபாதியில் இருந்தால் இரட்டை எண்ணுக்குப் போகும் விதியால், இரண்டாவது 2.675-ஐ ஃப்ளோட்டில் சரியாக வைக்க முடியாததால். கையில் கால்குலேட்டர் வைத்திருக்கும் வியாபாரிக்கு இந்த இரண்டு காரணமும் வேண்டியதில்லை, அவருக்கு 2.68 வேண்டும். எடையோ தொகையோ இருந்தால் எங்கள் சொந்த ரவுண்டிங் ஃபங்ஷன், வேறெதுவும் கூடாது.

ஆனால் 'எடையோ தொகையோ' என்பதை மெஷினுக்கு எப்படிச் சொல்வது? ஜாங்கோ மாடலில் (தரவு அட்டவணையின் வரையறை) ஃப்ளோட்ஃபீல்ட் எங்கே இருந்தாலும் பிடி என்றால், கடை இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைக்கும் கத்தும், அங்கே ஃப்ளோட் இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், செம்க்ரெப்பில் பிடிபட்ட பெயரை ரெகெக்ஸ் (எழுத்து அமைப்பைச் சொல்லும் பேட்டர்ன்) வைத்து வடிகட்ட வழி இருக்கிறது. எங்கள் கோடில் பாதிப் பெயர் இங்கிலீஷ், மீதி எடை, கூலி, சேதாரம் என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியது. சேதாரத்தை மட்டும் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள், ஒருவர் எச் சேர்த்து, ஒருவர் சேர்க்காமல், ஒருவர் ஆகாரத்துக்கு இரட்டை ஏ போட்டு. ரெகெக்ஸை வளைத்து எல்லாவற்றையும் பிடிக்கலாம்தான், பிடித்தேன், ஆனால் நாளைக்கு ஐந்தாவது விதம் வரும். அதனால் தொழில் சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று பட்டியல் போட்டு, பழையதை மாற்றி, பட்டியலில் இல்லாத வடிவம் புதிதாக வந்தால் அதற்கே ஒரு ரூல் வைத்தோம். இந்த ரூல்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மிகவும் உதவுகிறது, சேதாரம் என்றால் என்ன, டச் என்றால் என்ன என்று அந்தப் பட்டியலிலேயே இரண்டு வரி விளக்கம் இருக்கிறது.

இனி முடிவுகளை எங்கே காட்டுவது. லாக் ஃபைலில் காட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், அந்தந்த வரிக்குக் கீழே கமெண்டாக வர வேண்டும். இதற்கு ரிவ்யூடாக் நல்ல கருவி, எந்த லின்ட்டரின் வெளியீட்டையும் வாங்கிக்கொண்டு, இந்த புல் ரிக்வெஸ்டில் மாறிய வரிக்கு உரியதை மட்டும் வடிகட்டி, ரிவ்யூ கமெண்டாகப் போடும். ரஃப், செம்க்ரெப் இரண்டும் சாரிஃப் என்ற பொது வடிவத்தில் எழுதும், அதை அது அப்படியே படிக்கும்.

மாறிய வரி மட்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய கோடில் ஆயிரம் குறை இருக்கட்டும், அதை இன்று ஒரு பட்டன் நிறத்தை மாற்ற வந்தவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவருக்குக் கோபம் வரும், இரண்டாவது தடவை கமெண்டைப் படிக்காமல் மூடுவார், மூன்றாவது தடவை உண்மையான எச்சரிக்கையையும் சேர்த்து மூடுவார்.

ஆனால் இந்த வடிகட்டலில் ஒரு ஓட்டை உண்டு. ரிவ்யூடாக்கின் இயல்பான முறையில், சேர்க்கப்பட்ட அல்லது திருத்தப்பட்ட வரியில் விழும் முடிவு மட்டும்தான் வெளியே வரும். ஒருவர் அந்த இருப்புத் திருத்த அழைப்பில் காரணம் இருக்கும் ஒரே ஒரு வரியை மட்டும் நீக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்க்ரெப் அதைச் சரியாகப் பிடிக்கும், அழைப்பு ஆரம்பிக்கும் வரியைக் காட்டும். அந்த வரி மாறவில்லை, டிஃப்பில் புதிதாக ஒரு + வரி கூட இல்லை, ஆகவே வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். நீக்குவதும் மாற்றம்தானே, பல நேரம் சேர்ப்பதைவிட ஆபத்தான மாற்றம். இதைத் தீர்க்க இரண்டு வேலை செய்தேன். செம்க்ரெப்புக்கு அடிப்படைக் கமிட் எது என்று சொல்லிவிட்டால், அந்தக் கமிட்டில் ஏற்கெனவே இருந்த குறைகளைக் கழித்துவிட்டு இந்த ப்ராஞ்சால் புதிதாகப் பிறந்ததை மட்டும் கொடுக்கும். இங்கே கேட்கப்படுவது 'எந்த வரி மாறியது' என்பது இல்லை, 'எந்தக் குறை புதிது' என்பது, நமக்கு வேண்டியதும் அதுதான். அப்புறம் ரிவ்யூடாக்கை மாறிய வரியோடு சுற்றியுள்ள சூழல் வரிகளையும் ஏற்றுக்கொள்ளும் முறைக்கு மாற்றினேன். அதையும் தாண்டித் தூரத்தில் விழுகிற முடிவு இருந்தால் சோதனையின் சுருக்கத்தில் தனியாக எழுதச் செய்திருக்கிறேன். உங்கள் ஏற்பாட்டைச் சோதிக்கும்போது ஒரு வரியை நீக்கி மட்டும் ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டுப் பாருங்கள், சேர்க்கிற உதாரணத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. வெளியாட்கள் ஃபோர்க்கிலிருந்து (அவர்கள் எடுத்துக்கொண்ட தனிப் பிரதி) புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் திறந்த ரெப்போ என்றால், கமெண்ட் போட டோக்கனுக்கு (சோதனை ஓடும்போது கிடைக்கும் அனுமதிச் சாவி) உரிமை கிடைக்கவில்லை என்று புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்ற நிகழ்வுக்கு மாறச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். அது உங்கள் ரகசியச் சாவிகளோடு ஓடுவது. அதில் வெளியாளின் கோடை இறக்கி எதையாவது இயக்கினால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. எங்களுடையது மூடிய ரெப்போ என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லா ரூலும் ஒரே எடையில் இருக்கக் கூடாது என்பது ஓட ஆரம்பித்த பிறகு புரிந்தது. ஜாங்கோவில் ஒரு பதிவை சேவ் செய்தால் அதற்குரிய சிக்னல் (மற்ற கோடுக்குத் தகவல் சொல்லும் அழைப்பு) கிளம்பும், எங்கள் கணக்கு வரலாறு அந்தச் சிக்னலில்தான் எழுதப்படுகிறது. ஆனால் பல பதிவுகளை ஒரேயடியாகக் கையாளும் க்வெரிசெட்டில் அப்டேட் போட்டோ பல்க் க்ரியேட் போட்டோ செய்தால் சிக்னலும் வராது, கடைசியாக மாற்றிய நேரமும் அப்டேட்டில் தானாக மாறாது. வரலாறே இல்லாமல் இருப்பு மாறியிருக்கும். இதைத் தடுக்க ரூல் வைத்தேன். உடனே ஒரு தம்பி வந்தார்: "அண்ணா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல எடை போட்டா மோதாம இருக்கத்தாங்க அப்டேட்ல எஃப் எக்ஸ்ப்ரஷன் போட்டிருக்கேன், இதையும் தடுக்குதுங்களே." அவர் சொன்னது முழுக்கச் சரி, எஃப் எக்ஸ்ப்ரஷன் கணக்கை டேட்டாபேஸுக்குள்ளேயே போட வைக்கும், அங்கே அதுதான் சிறந்த வழி. ஆகவே ரூல்களை இரண்டாகப் பிரித்தோம். ஃப்ளோட், காரணம், ரவுண்ட் ஆகியவை தடுக்கும் ரூல்கள், இருந்தால் மெர்ஜ் கிடையாது. அப்டேட் மாதிரியானவை கேட்கும் ரூல்கள், "இந்த மாற்றம் வரலாற்றில் பதிவாகாது, தெரிந்துதான் செய்கிறீர்களா? ஆமென்றால் வரலாற்று வரியைத் தனியாக எழுதியிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி மட்டும், மெர்ஜைத் தொடாது.

வாசகம் எழுதுவதில் நான் ரூல் எழுதியதைவிட அதிக நேரம் செலவழித்தேன், அதற்கு வருத்தமில்லை. ஒவ்வொரு வாசகத்திலும் மூன்று இருக்க வேண்டும்: பட்டறையில் என்ன ஆகும், ஏன், பதிலாக என்ன எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஃப்ளோட் ரூல் இப்படிச் சொல்கிறது: "எடையை ஃப்ளோட்டில் வைத்தால் மூன்றாவது தசமத்தில் பட்டறை நோட்டோடு வித்தியாசம் வரும். தராசிலிருந்து வந்த சரத்தை அப்படியே டெசிமலுக்குக் கொடுங்கள்." தமிழில்தான் எழுதினோம். ஓமலூர், ஆத்தூர் பக்கத்திலிருந்து படிப்பு முடித்து நேராக வந்து சேர்கிறவர்களுக்கு மெஷின் திட்டுவது போலத் தோன்றக் கூடாது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்கா சொல்வது போலப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அந்த அக்காவிடமே காட்டித் திருத்தி வாங்கினேன்.

ரூலுக்கும் டெஸ்ட் உண்டு. செம்க்ரெப்பில் ஒரு மாதிரி ஃபைலில் 'இந்த வரியில் ரூல் பிடிக்க வேண்டும்', 'இந்த வரியைப் பிடிக்கக் கூடாது' என்று கமெண்ட் போட்டு வைத்து டெஸ்ட் ஓட்டலாம். பிடிக்கக் கூடாத உதாரணங்களைத்தான் நிறையச் சேர்க்க வேண்டும், யாராவது தப்பான எச்சரிக்கை என்று சொன்னால் அந்த வரியை அப்படியே எடுத்து முதலில் அங்கே வைப்போம், அப்புறம் ரூலைத் திருத்துவோம். விதிவிலக்கு வேண்டும் என்றால் அந்த வரியிலேயே ரூல் பெயரோடு நோசெம்க்ரெப் என்று எழுதலாம், பக்கத்தில் ஏன் என்று ஒரு வாக்கியம் கட்டாயம். அந்த வாக்கியம் இருக்கிறதா என்பதை மட்டும் பழைய க்ரெப் ஸ்கிரிப்ட் பார்க்கிறது, அதற்கு இன்னும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

இப்போது ரிவ்யூவில் வருகிற கமெண்டுகளே வேறு மாதிரி இருக்கின்றன. அண்மையில் ஒரு புல் ரிக்வெஸ்டில் எல்லா ரூலும் பச்சை, ஆனால் அக்கா நிறுத்தினார்: சேதாரத்தைக் கழித்த பிறகு டச்சால் பெருக்கியிருக்கிறது, இந்தப் பட்டறைக்காரர் பேசியிருப்பது மொத்த எடையில் ஆயிற்றே என்று. டெசிமலும் சரி, ரவுண்டிங்கும் சரி, காரணமும் இருந்தது. இந்தப் பிழையை எந்தப் பேட்டர்னும் பிடிக்காது, அவருக்குப் பட்டறைக்காரரின் பேச்சு ஞாபகம் இருந்ததால் பிடித்தார். இந்த நேரம் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ரூலும்.

அடுத்ததாக, டேட்டாபேஸ் அமைப்பையும் தரவையும் மாற்றும் மைக்ரேஷன் ஃபைல்களுக்கு ஒரு ரூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரன்பைத்தான் போட்டுத் தரவை மாற்றும்போது திரும்பிப் போகும் வழியைக் கொடுக்காவிட்டால் அந்த மைக்ரேஷனைப் பின்னால் இழுக்க ஜாங்கோ மறுத்துவிடும். எடைத் தரவை மாற்றுகிற மைக்ரேஷனுக்கு இது தடுக்கும் ரூலாகவும், மற்றதற்குக் கேட்கும் ரூலாகவும் இருக்கலாமா என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. செம்க்ரெப், ரஃப், ரிவ்யூடாக் மூன்றின் வெர்ஷனையும் பூட்டி வைத்திருக்கிறோம், புது வெர்ஷன் வந்தால் ரூல் டெஸ்ட் எல்லாம் பச்சையான பிறகுதான் ஏற்றுகிறோம்.